கல்லாவுக்கு அடியில் கிடந்த கையேடு

பினாங்கு லிட்டில் இந்தியாவில், லெபோ பாசாரை ஒட்டிய ஒரு பூசைப் பொருள் கடைக்கு இணையத்தளம் அமைத்துக் கொடுத்தபோது, அதைப் பயன்படுத்தும் முறையை விளக்கும் 42 பக்கப் பிடிஎஃப் கையேடு ஒன்றையும் சேர்த்தே ஒப்படைத்தேன். உள்ளடக்கப் பட்டியல், எண்ணிட்ட படங்கள், கலைச்சொல் விளக்கம் என்று எதிலும் குறை வைக்காத அந்தக் கையேட்டைப் பற்றி எனக்குச் சற்றுப் பெருமையே இருந்தது. தளம் திறந்த அடுத்த வாரமே, அதில் நான் விடை எழுதி வைத்திருந்த கேள்விகள் ஒவ்வொன்றாகப் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) வரத் தொடங்கின. படம் ஏன் ஏறவில்லை, விலையை எங்கே மாற்றுவது, அனுப்பிவிட்ட ஆர்டரை எப்படி முடித்து வைப்பது என்று கேட்டார்கள். "கையேட்டில் 17ஆம் பக்கம் பாருங்கள்" என்று நானும் சில வாரங்கள் சளைக்காமல் பதில் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

வேறொரு வேலையாகப் பட்டர்வொர்த்திலிருந்து பெர்ரியில் தீவுக்கு வந்த ஒரு நாள், அந்தக் கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்க முடிந்தது. என் கையேட்டை அவர்கள் அச்சடித்து, வளையம் போட்டுக் கட்டியும் வைத்திருந்தார்கள். ரசீது அச்சடிக்கும் இயந்திரம் ஆடாமல் இருப்பதற்காக அதன் ஒரு மூலைக்கு முட்டாக வைக்கப்பட்டு, கல்லாவுக்கு அடியில் அது கிடந்தது.

அன்று அங்கே கிராணி (எழுத்தர்) வேலை பார்க்கும் அக்கா, புதிதாக வந்திறங்கிய பித்தளைத் தாம்பாளம் ஒன்றைத் தளத்தில் ஏற்றிக்கொண்டிருந்தார். பெயரும் விலையும் எழுதிய பின், படம் சேர்க்கும் இடத்தில் அவர் கை நின்றது. உடனே திறன்பேசியை எடுத்து, என்னோடு நடந்த உரையாடலை மேலே மேலே தள்ளி, இரண்டு மாதத்துக்கு முன் நான் அனுப்பிய குரல் பதிவு ஒன்றைத் தேடினார். அது அகப்படுவதற்குள் சாம்பிராணி கேட்டு ஒருவர் வந்துவிடவே பேசியைக் கீழே வைத்தார். அவரை அனுப்பிவிட்டுத் திரும்பியபோது தேடிய இடம் தவறிப்போயிருந்தது. "கையேடு இருக்கே அக்கா?" என்று கேட்டதற்கு, "அதுல தேடி எடுக்கிறதுக்குள்ள ஆள் வந்துடுது தம்பி. உங்க குரல்னா அந்த மஞ்சள் விளக்குப் படத்துக்குக் கீழதான் இருக்கும்னு தெரியும்" என்றார். எழுதி வைத்ததில் குறையில்லை; அது அவருடைய கை நிற்கும் இடத்தில் இல்லை என்பதுதான் குறை. ஆகவே அந்த விளக்கங்களையெல்லாம் அவர் நாள் முழுவதும் திறந்து வைத்திருக்கும், தளத்தை இயக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸின் நிர்வாகத் திரைக்குள்ளேயே கொண்டுவந்து வைப்பது என்று முடிவு செய்தேன். அந்த வேலை எப்படி நடந்தது, எங்கெங்கே சறுக்கியது என்பதே இந்தப் பதிவு.

முதலில் நான் எதையும் எழுதத் தொடங்கவில்லை. புலன உரையாடல்களை ஏற்றுமதி செய்து, அதில் வந்த கேள்விகளைத் தலைப்பு வாரியாக அல்லாமல், எந்தத் திரையில் இருந்தபோது அந்தக் கேள்வி எழுந்திருக்கும் என்ற அடிப்படையில் பிரித்தேன். இப்படிப் பிரித்ததும் ஒன்று தெளிவாகத் தெரிந்தது: பெரும்பாலான கேள்விகள் பொருளைத் திருத்தும் திரையிலும் ஆர்டரைப் பார்க்கும் திரையிலும் மட்டுமே எழுந்தவை. பட்டியல்களின் அமைப்பு, பக்கவாட்டுப் பெட்டிகள், பயனர் கணக்குகள் என்று கையேட்டில் ஒன்பது பக்கம் செலவழித்திருந்த பகுதியிலிருந்து ஒரு கேள்விகூட வரவில்லை. கையேட்டை நான் மென்பொருளின் பட்டியல் வரிசைப்படி எழுதியிருந்தேன். கடையில் வேலை அந்த வரிசையில் நடப்பதில்லை.

எளிய வழியாகத் தோன்றிய உதவித் தாவலைத்தான் முதலில் முயன்றேன். நிர்வாகத் திரையின் வலது மேல் மூலையில் 'ஹெல்ப்' என்று சிறிதாகத் தொங்கும் இந்தத் தாவலுக்குள் நம்முடைய சொந்த விளக்கங்களை ஒவ்வொரு திரைக்கும் தனித்தனியே சேர்க்கும் வசதி, 2011 டிசம்பரில் வெளியான வேர்ட்பிரஸ் 3.3 பதிப்பிலிருந்தே இருக்கிறது. ஐந்தாறு வரி நிரலில் முடிந்துவிடும். ஆனால் 2018 டிசம்பரில் 5.0 பதிப்போடு வந்த கட்டத் தொகுப்பி (பக்கத்தைக் கட்டம் கட்டமாக அடுக்கி எழுதும் திரை) முழுத் திரையையும் தனதாக்கிக்கொள்வதால், அதில் திறக்கும் பக்கங்களிலும் பதிவுகளிலும் இந்தத் தாவல் தென்படுவதில்லை. வேர்ட்பிரஸோடு சேர்த்துக் கடை நடத்த உதவும் துணை மென்பொருளான வூகாமர்ஸின் பொருள் திரை இன்னும் பழைய தொகுப்பியிலேயே இயங்குவதால் அங்கே தாவல் இருந்தது. இருந்தும், அந்தச் சாம்பல் நிறச் சொல்லை அக்கா ஒருநாளும் கவனித்ததில்லை. திறந்து காட்டியபோது, அதற்குள் வூகாமர்ஸ் தன் விளக்கங்களை முன்னால் வைத்திருக்க, என்னுடையது கடைசியில் ஒதுங்கி நின்றது. வரிசை எண்ணைக் குறைத்து மேலே ஏற்றலாம்தான். யாரும் திறக்காத அலமாரியில் மேல்தட்டு எது, கீழ்த்தட்டு எது என்று பார்ப்பதில் பயனில்லை என்று விட்டுவிட்டேன்.

அடுத்து, உள்நுழைந்தவுடன் வரும் முகப்புப் பலகையில் ஒரு பெட்டி அமைத்து, அதில் எல்லாக் குறிப்புகளுக்கும் இணைப்புக் கொடுத்தேன். பார்க்க அழகாகவே இருந்தது. பத்து நாள் கழித்து விசாரித்தபோதுதான், கடையில் யாருமே முகப்புப் பலகைக்கு வருவதில்லை என்று தெரிந்தது. ஆர்டர் பட்டியலின் முகவரியை உலாவியில் அடையாளமிட்டு வைத்து, காலையில் நேராக அங்கேதான் போகிறார்கள். இணையத்தளம் செய்பவர்கள் அந்த முகப்பைத் தினமும் பார்க்கிறோம் என்பதால் எல்லோரும் பார்ப்பார்கள் என்று எண்ணிவிடுகிறோம் போலும்.

மூன்றாவதாகச் செய்ததுதான் நிலைத்தது. பொருள் திருத்தும் திரையின் வலப்புறத்தில், 'பப்ளிஷ்' பொத்தான் இருக்கும் பெட்டிக்கு மேலே, எங்கள் குறிப்புகளுக்கென்று ஒரு பெட்டியை வைத்தேன். வேர்ட்பிரஸில் இத்தகைய பெட்டிகளைச் சேர்க்கும் செயற்கூறுக்கு (ஆயத்த நிரல் துண்டுக்கு) முன்னுரிமையை 'உயர்' என்று கொடுத்தால், வெளியிடும் பெட்டிக்கும் மேலே அது போய் நிற்கும். வேலை முடிந்து பொத்தானை அழுத்தப் போகும் கண் எப்படியும் அந்தப் பக்கம் வந்தே தீரும். பெட்டிக்குள் மூன்று தலைப்புகள் மட்டும் தெரியும். ஒன்றைத் தொட்டால் அதன் ஐந்தாறு வரிகள் அங்கேயே விரியும், திரை மாறாது, எழுதிக்கொண்டிருந்தது தொலையாது. பழகிப்போனவர்கள் பெட்டியைச் சுருக்கிக்கொள்ளலாம். சுருக்கிய நிலை அந்தப் பயனருக்கு மட்டும் நினைவில் வைக்கப்படுவதால் மற்றவர்களுக்கு அது திறந்தே இருக்கும். கட்டத் தொகுப்பியில் திறக்கும் பக்கங்களில் இதே பெட்டி பக்கப்பட்டையின் அடியில்தான் வந்து சேர்கிறது. அதை மேலே ஏற்றத் தனியாக ஜாவாஸ்கிரிப்ட் எழுத வேண்டும். மாதம் ஒரு அறிவிப்புப் பக்கம் போடும் கடைக்கு அவ்வளவு தேவையில்லை என்று கருதி அப்படியே விட்டேன்.

குறிப்புகளைச் சேமிக்கத் தனியாக ஒரு பதிவு வகையை (ஒரே மாதிரியான பதிவுகளுக்கான பிரிவை) ஏற்படுத்தி, ஒவ்வொரு குறிப்பும் எந்தத் திரையில் தோன்ற வேண்டும் என்பதை அந்தத் திரையின் அடையாளப் பெயரைக் கொண்டு குறித்தேன். இதில் ஒரு குழி இருந்தது. ஆர்டர்களைத் தனி அட்டவணைகளில் சேமிக்கும் புதிய முறையை வூகாமர்ஸ் 2023 அக்டோபரில் வெளியான 8.2 பதிப்பிலிருந்து புதிய கடைகளுக்கு இயல்பாகவே கொடுக்கிறது. எங்கள் தளம் அதற்கு முந்தையது என்பதால் அந்த முறைக்கு நானே பிற்பாடு மாற்றினேன். மாற்றிய அன்று ஆர்டர் திரையிலிருந்த குறிப்புகள் மொத்தமும் காணாமற்போயின. எந்தப் பிழைச் செய்தியும் வரவில்லை. அரை நாள் தேடிய பிறகுதான், புதிய முறையில் ஆர்டர் திரையின் அடையாளப் பெயரே வேறு என்பது புரிந்தது. பெயரை நிரலில் நேராக எழுதி வைக்காமல், நடப்பில் உள்ள பெயர் எது என்று வூகாமர்ஸிடமே கேட்டு வாங்கும் செயற்கூறு ஒன்று இருக்கிறது. அதைப் பயன்படுத்தியதும் குறிப்புகள் திரும்பி வந்தன.

இடம் சரியாக அமைந்த பிறகு மொழியில் சிக்கல் எழுந்தது. கையேட்டின் நடையை மாற்றாமல், "பொருளின் விவரங்களை நிரப்பியபின் வெளியிடு என்பதைச் சொடுக்கவும்" என்று எழுதியிருந்தேன். அக்கா நன்றாகத் தமிழ் படிப்பவர். ஆனால் அவருடைய நிர்வாகத் திரை ஆங்கிலத்தில் இருந்தது. அங்கே 'வெளியிடு' என்று ஒரு பொத்தானும் இல்லை. 4.7 பதிப்பிலிருந்து ஒவ்வொரு பயனரும் நிர்வாகத் திரையின் மொழியைத் தனித்தனியே தேர்ந்துகொள்ள முடியும் என்பதால், அவருடையதைத் தமிழுக்கு மாற்றிப் பார்த்தோம். இரண்டே நாளில் மீண்டும் ஆங்கிலத்துக்கே மாற்றச் சொல்லிவிட்டார். பழகிய இடத்தில் பழகிய சொல் இல்லாவிட்டால் கை தடுமாறுகிறது என்றார். அவர் சொன்னது நியாயம். பின்னர் எல்லாக் குறிப்புகளையும், வாக்கியம் தமிழிலும் பொத்தான்களின் பெயர் திரையில் உள்ளபடி ஆங்கில எழுத்திலும் இருக்குமாறு திருத்தினேன். மலாய் வழித் தேசியப் பள்ளியில் படித்துத் தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கும் இளைஞர் ஒருவரும் கடையில் இருப்பதால், ஒவ்வொரு குறிப்பின் அடியிலும் அதே செய்தி மலாயில் இரண்டு வரியாக இருக்கிறது.

படம் ஏற்றுவதற்கான குறிப்பு இப்போது இப்படி இருக்கிறது: "பொருளை வெள்ளைத் துணிமேல் வைத்து, பேசியைக் குறுக்காகப் பிடித்து எடுங்கள். படம் பெரிதாக இருந்தாலும் பரவாயில்லை, தளமே குறைத்துக்கொள்ளும். வலப்பக்கம் கீழே உள்ள 'Set product image' என்பதைத் தொட்டு, படத்தைத் தேர்ந்து, நீலப் பொத்தானை அழுத்துங்கள். விலைச்சீட்டு படத்தில் தெரிகிறதா என்று ஒருமுறை பாருங்கள்." கையேட்டில் இதற்கு இரண்டரைப் பக்கம் ஒதுக்கி, படத்தை எத்தனை படப்புள்ளி அகலத்துக்கு எப்படிக் குறைப்பது என்று பாடமே நடத்தியிருந்தேன். 2019 நவம்பரில் வந்த 5.3 பதிப்பு முதல், 2560 படப்புள்ளிக்கு மேற்பட்ட படங்களை வேர்ட்பிரஸ் தானாகவே குறைத்துக்கொள்கிறது. அந்தப் பாடம் எழுதும்போதே தேவையற்றதாகத்தான் இருந்திருக்கிறது. கடைசி வரி மட்டும் கையேட்டில் இல்லாதது. பக்கத்துக் கடைக்காரர் எங்கள் கொள்முதல் விலையைப் படத்திலிருந்து படித்துச் சொன்ன பிறகு சேர்க்கப்பட்டது.

இனி, நான் செய்த பெரிய தவற்றைச் சொல்லியாக வேண்டும். குறிப்புகளுக்கான பதிவு வகையை உருவாக்கும்போது, வேறொரு தளத்தில் நிகழ்ச்சிகளுக்காக எழுதிய நிரலை வெட்டி ஒட்டினேன். அதில் 'பொதுவில் காட்டு' என்ற மதிப்பு 'ஆம்' என்று இருந்ததைக் கவனிக்கவில்லை. வேர்ட்பிரஸ் 5.5 பதிப்பு முதல் தானே தளவரைபடம் (தளத்துப் பக்கங்களின் பட்டியல்) தயாரித்துத் தேடுபொறிகளுக்குக் கொடுக்கிறது. பொதுவில் உள்ள எல்லாப் பதிவு வகைகளும் அதில் இடம்பெறும். சில வாரங்கள் கழித்து முதலாளி அழைத்தார். தளத்தில் தாம்பாளம் என்று தேடிய வாடிக்கையாளர் ஒருவருக்கு, தாம்பாளத்தோடு சேர்ந்து 'ஆர்டரை முடித்து வைப்பது எப்படி' என்ற பக்கமும் வந்ததாம். அந்தக் குறிப்பில் நான் வைத்திருந்த திரைப்பிடிப்பில் உண்மையான ஆர்டர் ஒன்றின் பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாம் அப்பட்டமாகத் தெரிந்தன. மலேசியாவில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இல் நிறைவேறி, 2013 நவம்பரிலிருந்து நடப்பில் உள்ளது. சட்டம் இல்லாவிட்டாலும் அது வெட்கக்கேடுதான். அன்றிரவே பதிவு வகையைப் பொதுவிலிருந்து நீக்கினேன். படத்தைச் சேவையகத்திலிருந்தே அழித்தேன், ஏனெனில் பதிவை மறைத்தாலும் படக்கோப்பு தன் முகவரியில் திறந்துகொண்டேதான் இருக்கும். கூகுளிலும் அகற்றக் கோரிக்கை கொடுத்தேன். சம்பந்தப்பட்டவரை முதலாளியே அழைத்து மன்னிப்புக் கேட்டார். அதன் பின், விளக்கப் படங்கள் எடுப்பதற்கென்றே ஒரு போலிப் பெயரில் ஆர்டர் உருவாக்கி வைத்திருக்கிறேன். எந்தப் படமும் அந்த ஆர்டரிலிருந்து மட்டுமே எடுக்கப்படும்.

இந்த வேலையில் நான் எதிர்பாராமல் கற்றுக்கொண்ட ஒன்று உண்டு. விளக்கம் எழுத உட்கார்ந்த பல இடங்களில், எழுத வேண்டியதே இல்லை, தளத்தைத் திருத்தினால் போதும் என்று தெரிய வந்தது. எடுத்துக்காட்டாக, தீபாவளித் தள்ளுபடி விலையை முன்கூட்டியே தேதி குறித்து வைக்கும் முறையை விளக்கி, குறித்த நாளில் நள்ளிரவு 12 மணிக்கே விலை மாறிவிடும் என்று எழுதியிருந்தேன். காலை 8 மணிக்குத்தான் மாறுகிறது என்று அந்த இளைஞர் சொன்னார். "நள்ளிரவு" என்பதை அடித்து "காலை 8 மணி" என்று எழுத ஒரு கணம் கை போனதுதான். மலேசிய நேரம் உலகப் பொது நேரத்துக்கு எட்டு மணி முன்னால் இருப்பது அப்போது பளிச்சென்று உறைத்தது: தளத்தின் நேர மண்டலத்தைக் கோலாலம்பூருக்கு மாற்றாமலே நான் ஒப்படைத்திருந்தேன்.

இணைப்பு முகவரியின் கதை இன்னும் சுவையானது. பொருளின் பெயரைத் தமிழில் எழுதினால், வேர்ட்பிரஸ் அதையே இணைப்பு முகவரியாக்கிக்கொள்கிறது. தமிழின் ஒவ்வொரு குறியீட்டெழுத்தும் (கணினிக் கணக்கில் 'கு' என்பது க, உகரக் குறி என்று இரண்டு) மூன்று பைட்டு. முகவரியில் ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று எழுத்தாக விரிவதால், ஒரு குறியீட்டெழுத்துக்கு ஒன்பது இடம் போய்விடுகிறது. தரவுத்தளத்தில் அதற்கென ஒதுக்கியிருப்பது 200 இடம். 'பித்தளைக் குத்துவிளக்கு ஐந்து முகம்' என்று எழுதினால், கணக்காக 'பித்தளைக் குத்துவிளக்கு' வரையில் 199 இடம் நிறைந்து, முகம் வெட்டுப்பட்டுவிடுகிறது. அடுத்ததாக மூன்று முக விளக்கை ஏற்றினால், அதன் முகவரி 'குத்துவிளக்க' என்று கடைசி உகரத்தையும் பறிகொடுத்து, பின்னால் 2 என்ற எண்ணோடு வந்து நிற்கிறது. புலனத்தில் வாடிக்கையாளருக்கு அனுப்பினால் அரைப் பக்கத்துக்குச் சதவீதக் குறிகள். 'முகவரியை ஆங்கில எழுத்தில் கையால் எழுதவும்' என்று ஒரு குறிப்பு சில வாரங்கள் பெட்டியில் இருந்தது. யாரும் அதைக் கடைப்பிடிக்கவில்லை. கடைசியில், பொருளின் சரக்கு எண்ணிலிருந்து முகவரியைத் தானாக அமைக்கும் சிறு நிரல் எழுதிவிட்டு, அந்தக் குறிப்பை நீக்கினேன்.

காலாவதியாகும் குறிப்புகளும் உண்டு. ஐபோனில் எடுத்த படங்கள் ஹெய்க் வடிவில் வந்து ஏறாமல் போனதால், பேசியின் படக்கருவி அமைப்பை மாற்றும் முறையை முதலில் எழுதியிருந்தேன். 2024 நவம்பரில் வெளியான 6.7 பதிப்பில், சேவையகம் இடங்கொடுத்தால் வேர்ட்பிரஸே அவற்றை ஜேபெக்காக மாற்றிக்கொள்கிறது. எங்கள் சேவையகத்தில் சோதித்து, சரியாக இருந்ததால் அந்தக் குறிப்பையும் எடுத்துவிட்டேன். இப்போது ஒவ்வொரு குறிப்பின் அடியிலும் அதைக் கடைசியாகச் செய்து பார்த்த தேதி இருக்கிறது. நிரல் முழுவதும் தொடக்கத்தில், தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் தீமின் கோப்பில் இருந்தது. தளத்தின் தோற்றத்தை மாற்றிய அன்று குறிப்புகள் மறைந்ததால், நிர்வாகத் திரையிலிருந்து யாரும் அணைக்க முடியாத கட்டாயச் செருகுநிரலாக (துணை நிரலாக) அதை இடம் மாற்றினேன்.

குறிப்புகளைத் திருத்தும் உரிமை முதலில் என்னிடம் மட்டுமே இருந்தது. ஒரு நாள் அக்கா, வெற்றிலையும் பூவும் வெள்ளிக்கிழமை காலையில் விலை மாறும், அதை மாற்றாமல் வியாழக்கிழமை விலைக்கே ஆர்டர் எடுத்துவிடுகிறார்கள், எழுதிப் போடுங்கள் என்று கேட்டார். அவரே எழுதட்டும் என்று உரிமையைக் கொடுத்தேன்; பழைய வடிவங்கள் சேமிக்கப்படுவதால் எது கெட்டாலும் மீட்டுக்கொள்ளலாம். அவர் எழுதியது ஒரே வரி: "வெள்ளி காலை 7 மணிக்கு முன்னால பூ விலையைத் தொடாம ஆர்டரைத் திறக்காதீங்க." என் நடையில் எழுதியிருந்தால் நான்கு வரி ஆகியிருக்கும், ஒருவரும் படித்திருக்க மாட்டார்கள்.

எல்லாவற்றையும் திரைக்குள் கொண்டுவந்த பிறகும் ஒரு கேள்வி மட்டும் குறையவில்லை. சபா, சரவாக்குக்குப் போகும் பொதிகளில் எதை எப்படிக் கட்டுவது, எண்ணெய் புட்டிகளைச் சேர்க்கலாமா என்று பின்கட்டிலிருந்து அழைப்பு வந்துகொண்டே இருந்தது. அங்கே பொதி கட்டுபவரிடம் கணினி இல்லை. அவருடைய வேலை ஒரு மர மேசையிலும் ஒட்டுத்தாள் சுருளிலும் நடக்கிறது. அவருக்காக அந்த ஒரு குறிப்பை மட்டும் ஏ4 தாளில், பெரிய எழுத்தில், தமிழிலும் மலாயிலும் அச்சிட்டு, மேலே பிளாஸ்டிக் உறை போட்டு, மேசைக்கு எதிர்ச் சுவரில் ஒட்டினோம். சாம்பிராணிப் பெட்டிகளை அடுக்கியபோது அது மறைந்துபோனதால், போன வாரம் ஒரு முழம் மேலே ஏற்றி ஒட்டியிருக்கிறோம்.